உடன் நின்றவர் பர்னபா



சூன் 13ஆம் நாள் பதுவைப் பதியர் புனித அந்தோணியார் திருவிழா. நவநாள், கொடியேற்றம், தேர், அசனம் என்று அந்த நாள்களில் நம் ஊர்களில் கூட்டம் நிறைந்திருக்கும். அதற்கு இரண்டு நாள் முன்பு, 11ஆம் நாள், இன்னொரு புனிதரின் நினைவு நாளும் வந்து போகிறது. அவர் பெயர் பர்னபா. நவநாள் பரபரப்பில் அவரை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வாழ்ந்த காலத்திலும் அவர் இப்படித்தான், அடுத்தவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றவர். இன்று அவரைப் பற்றிக் கொஞ்சம் சிந்திப்போம்.

அவருடைய சொந்தப் பெயர் யோசேப்பு. சைப்பிரசு தீவில் பிறந்த லேவியர். நிலத்தை விற்றுப் பணத்தைத் திருத்தூதர்களின் காலடியில் வைத்தவர். 'பர்னபா' என்பது திருத்தூதர்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயர். ஊக்கத்தின் மகன் என்பது அதன் பொருள் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 4ஆம் அதிகாரத்தில் லூக்கா விளக்குகிறார். நம் ஊரில் பட்டப்பெயர் எப்படி வருகிறது என்பது நமக்குத் தெரியும். நடை, உடை, கோபம், கஞ்சத்தனம் என்று ஒருவரிடம் எது மிகுதியாகத் தெரிகிறதோ அதை வைத்துத்தான் பெயர் விழும். இந்த மனிதரிடம் மிகுதியாகத் தெரிந்தது, பிறரை ஊக்கப்படுத்தும் குணம்.

லூக்கா இங்கே கையாளும் கிரேக்கச் சொல்லின் வேருக்கு 'அருகில் அழைத்தல்' என்று பொருள். தூய ஆவியாரை யோவான் நற்செய்தியில் 'துணையாளர்' என்று நாம் வாசிக்கிறோமே, அந்தச் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஆகவே ஊக்கம் என்றவுடன் முதுகில் தட்டிக்கொடுப்பதும் நாலு நல்ல வார்த்தை சொல்வதும் நம் நினைவுக்கு வந்தாலும், விவிலியம் அதைவிடக் கனமான ஒன்றைச் சொல்கிறது. ஒருவரின் பக்கத்தில் போய் நிற்பது, நின்ற இடத்தைவிட்டு நகராமல் இருப்பது.

புகழ்ச்சிக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. பங்கு விழா மேடையில் எத்தனை பொன்னாடை! ஏற்கெனவே வீட்டில் பத்து பொன்னாடை மடித்து வைத்திருப்பவருக்குத்தான் பதினொன்றாவதையும் போர்த்துகிறோம். அதில் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்குப் பெயர் ஊக்கமளித்தல் அன்று.

பர்னபா செய்ததைப் பாருங்கள். சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வருகிறார். சீடர்களோடு சேர்ந்துகொள்ள முயல்கிறார். எல்லாரும் அஞ்சி ஒதுங்குகிறார்கள். அந்த அச்சத்தை நாம் குறை சொல்ல முடியாது. ஸ்தேவானைக் கல்லால் எறிந்தபோது அவர்களின் மேலுடைகள் யார் காலடியில் கிடந்தன? வீடு வீடாய் நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சென்று சிறையில் அடைத்தவர் யார்? இப்போது அதே மனிதர் வந்து, நானும் உங்களில் ஒருவன் என்றால் யார் நம்புவார்கள்? வேவு பார்க்க வந்தவராகவும் இருக்கலாமே.

பர்னபா மட்டும் அவரைக் கையோடு திருத்தூதர்களிடம் அழைத்துச் செல்கிறார். தமஸ்குக்குப் போகும் வழியில் சவுல் ஆண்டவரைக் கண்டதையும், தமஸ்குவில் துணிவோடு இயேசுவின் பெயரால் பேசியதையும் எடுத்துச் சொல்கிறார். நம் வழக்கில் சொன்னால், சவுலுக்காகப் பிணை நிற்கிறார். பர்னபாவுக்கு அந்தச் சபையில் நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரைத்தான் அடகு வைக்கிறார். சவுல் ஏமாற்றியிருந்தால் சவுலோடு பர்னபாவும் விழுந்திருப்பார். நிலத்தை விற்றுக் கொடுத்ததைவிட இது பெரிய கொடை என்பது நம் எண்ணம். பணத்தைக் கொடுக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. 'இவருக்கு நான் பொறுப்பு' என்று சொல்கிறவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

பின்பு அந்தியோக்கியாவில் யூதரல்லாத கிரேக்கரும் நம்பிக்கை கொண்டார்கள் என்ற செய்தி எருசலேமுக்கு எட்டியது. போய்ப் பார்த்துவர அனுப்பப்பட்டவர் பர்னபா. பார்வையிட அனுப்பப்படுகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? வழிபாட்டில் என்ன பிழை, கணக்கில் என்ன குறை என்று குறித்துக்கொண்டு வருவார்கள். புதிதாய் முளைத்த அந்தச் சபையில் குறைகளுக்குக் குறைவிருந்திருக்காது. பர்னபா அங்கே கண்டது கடவுளின் அருளை. கண்டு மகிழ்ந்தார் என்கிறார் லூக்கா. அவர் அறிக்கை எழுதிக்கொண்டு எருசலேமுக்குத் திரும்பவும் இல்லை. நேரே தர்சு நகருக்குப் போய், அங்கே இருந்த சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். இருவரும் ஓராண்டு முழுவதும் அந்தியோக்கியாவில் போதித்தார்கள். சீடர்களுக்குக் 'கிறிஸ்தவர்கள்' என்ற பெயர் முதன்முதல் வழங்கியது அந்த நகரில்தான்.

திருத்தூதர் பணிகள் நூலை அடுத்த முறை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதலில் 'பர்னபாவும் சவுலும்' என்று வரும். 13ஆம் அதிகாரத்தில் நடுவழியிலேயே அது 'பவுலும் பர்னபாவும்' என்று மாறத் தொடங்கும். தாம் கைபிடித்து அழைத்து வந்தவர் தம்மைத் தாண்டிப் போகிறார். அதற்காக பர்னபா முகம் சுளித்ததாக ஒரு வரிகூட இல்லை. இந்த இடத்தில்தான் நம்மில் பலருக்கு ஊக்கம் வற்றிப் போகிறது. ஒருவர் நமக்குக் கீழே இருக்கும்வரை ஊக்கப்படுத்துவது எளிது. நாம் பாட்டுக் கற்றுக்கொடுத்த பிள்ளை நம்மைவிட நன்றாகப் பாடத் தொடங்கும்போது, நாம் மறைக்கல்வியில் சேர்த்துவிட்ட இளைஞனை மக்கள் நம்மைவிட அதிகம் விரும்பும்போது, அப்போது தெரியும் சங்கதி.

அடுத்தது மாற்கு. யோவான் மாற்கு அவர்களுடைய முதல் பயணத்தில் உதவியாளராய்ப் போனவர். பம்பிலியாவில் பெருகை என்ற ஊரில் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். ஏன் என்று லூக்கா சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்குப் புறப்படும்போது, அவரையும் கூட்டிப்போவோம் என்றார் பர்னபா. பவுல் மறுத்தார். பாதியில் விட்டுப் போனவரை மறுபடி நம்பி எப்படிப் போவது? நியாயமான கேள்விதான். அந்தப் பயணங்களில் கல்லெறி இருந்தது, சிறை இருந்தது. இருவருக்கும் கடுமையான வாக்குவாதம் எழுந்து பிரிந்தே விட்டார்கள். பவுல் சீலாவோடு சிரியா வழியே போனார். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார். அதன்பின் திருத்தூதர் பணிகள் நூலில் பர்னபாவின் பெயர் வருவதே இல்லை. கதை பவுலோடு போய்விடுகிறது. திரும்பி வந்த ஓர் இளைஞருக்காக, பர்னபா அந்தப் பெருங்கதையைவிட்டே வெளியேறிவிட்டார்.

மாற்கு அவருக்கு உறவினர் என்று கொலோசையர் திருமுகம் சொல்கிறது. சொந்தப் பாசம் என்று சிலர் இதைத் தள்ளிவிடலாம். ஆனால் சவுல் அவருக்கு எந்த வகையில் சொந்தம்?

இந்த இடத்தில் பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியை நினைக்காமல் இருக்க முடியாது. 1786இல் பிரான்சில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் படிப்பு சரியாக அமையவில்லை. இருபது வயதில் இலத்தீன் கற்கத் தொடங்கினார், அது ஏறவேயில்லை. லியோன் குருமடத்தில் பாடம் புரியாமல் திணறி வெளியே வந்தார். தேர்வும் தவறியது. அவரை விடாமல் பிடித்துக்கொண்டவர் எக்குல்லி பங்கின் அருள்பணியாளர் பாலே. தம் இல்லத்தில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மேலிடத்தில் அவருக்காகப் பேசினார். தாய்மொழியில் தேர்வு நடக்க வழி செய்தார். 1815இல் வியான்னி குருவானார். பாலே அவரைத் தம் பங்கிலேயே உதவிக் குருவாக வைத்துக்கொண்டார். 1817இல் பாலே இறந்தார். அடுத்த ஆண்டு வியான்னி, ஏறக்குறைய 230 பேர் மட்டும் வாழ்ந்த ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் பாவசங்கீர்த்தனம் செய்ய அந்த ஊருக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்பதை உலகம் அறியும். ஆர்ஸ் ஊரை அறிந்தவர்களில் எத்தனை பேர் பாலேயை அறிவார்கள்?

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. நம் பங்குகளில் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். குருமடத்தில் நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு இருந்துவிட்டு, இது தன் அழைத்தல் அல்ல என்று தெளிந்து வீடு திரும்பிய தம்பிகள். துறவு மடத்திலிருந்து வந்துவிட்ட தங்கைகள். அந்தப் பையன் போனபோது ஊரே சேர்ந்து செபித்து, மாலை போட்டு வழியனுப்பியது. திரும்பி வந்த மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் முதல் கேள்வி, 'ஏன்ப்பா வந்துட்ட?' இரண்டாவது கேள்வி அவன் காதுக்குக் கேட்காமல் கேட்கப்படுகிறது. அம்மா திருப்பலிக்கு வந்தால் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். தங்கைகளின் நிலை இன்னும் மோசம். பெண் கேட்டு வருகிறவர்களிடம் அதைச் சொல்வதா மறைப்பதா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடக்கிறது. அழைத்தலைச் சோதித்தறியும் இடம்தான் குருமடம் என்று நாங்கள் மேடைதோறும் சொல்கிறோம். சோதித்தறிந்து, இல்லை என்று ஒருவர் முடிவு செய்தால் அதற்கும் மரியாதை உண்டல்லவா?

இவர்களிடம் போய், 'கவலைப்படாதே, எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினால் அது ஊக்கமாகாது. கல்லூரியில் இடம் கிடைக்க உடன் அலையலாம். தெரிந்த இடத்தில் வேலைக்கு, 'இவன் நல்ல பையன், நான் சொல்கிறேன்' என்று நம் பெயரைக் கொடுக்கலாம். இலத்தீனும் விவிலியமும் இசையும் கற்றுவந்த அவனைப் பாடகர் குழுவிலோ மறைக்கல்வி வகுப்பிலோ அன்பியத்திலோ சேர்க்கலாம். 'ஏன்' என்ற கேள்வியை அவனாக வாய் திறக்கும்வரை கேட்காமல் இருக்கலாம். குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர், தேர்வில் தவறிய பிள்ளை, கணவன் வீட்டிலிருந்து வந்துவிட்ட மகள் என்று இந்த வரிசை நீளும். ஒவ்வொருவருக்கும் தேவைப்படுவது வேறு வேறு. பக்கத்தில் ஆள் தேவைப்படுவது எல்லாருக்கும் பொது.

ஒரு கேள்வி எழலாம். இப்படிச் செய்தால் தவறுக்குத் துணைபோவதாகாதா? பர்னபா, மாற்கு விட்டுப் போனது சரி என்று வாதாடியதாக நாம் வாசிக்கவில்லை. இன்னொரு முறை கூட்டிப்போவோம் என்றார், அவ்வளவுதான். படிக்காத பிள்ளையிடம் நீதான் முதல் மதிப்பெண் வாங்குவாய் என்பது பொய். உட்கார், இந்தக் கணக்கைச் சேர்ந்து போடுவோம் என்பது ஊக்கம். இயேசுவும் பேதுருவிடம் அவர் மறுதலிக்கப் போவதை மறைக்கவில்லை. அதே மூச்சில், நீ திரும்பியபின் உன் சகோதரர்களை உறுதிப்படுத்து என்ற பொறுப்பையும் கொடுத்தார் என்று லூக்கா 22ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். விழுவதற்கு முன்பே, எழுந்த பின் செய்ய வேண்டிய வேலை பேதுருவுக்குக் காத்திருந்தது.

மாற்குவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? சைப்பிரசில் பர்னபாவும் அவரும் என்ன செய்தார்கள் என்பதை லூக்கா எழுதவில்லை. ஆனால் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் சிறையில் இருக்கிறார். பலர் அவரைக் கைவிட்டுவிட்டார்கள். லூக்கா மட்டும் உடன் இருக்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி திமொத்தேயுவை வேண்டுகிறார். துரோவாவில் கார்ப்பு என்பவர் வீட்டில் விட்டுவந்த போர்வையை எடுத்துவரச் சொல்கிறார், தோல் சுருள்களையும் கேட்கிறார். அவற்றுக்கெல்லாம் முன்பாக அவர் கேட்பது ஒரு மனிதரை. மாற்குவை அழைத்து வா, என் பணிக்கு அவர் மிகவும் உதவியாய் இருப்பார் என்கிறார். திருச்சபை மரபின்படி நம் கையில் இருக்கும் நான்கு நற்செய்திகளில் ஒன்றை எழுதியவரும் அந்த மாற்குதான்.