எண்டோஸ்கோப்புக்கு வந்த எக்ஸாம்!

செமஸ்டர் எக்ஸாம். ஒரு கேள்விக்கு நீங்க எழுதின பதில் முழுக்க முழுக்க உங்க சொந்தச் சரக்கு. பிட் இல்லை, பக்கத்து பெஞ்சு இல்லை. ஆனா, மூணு வருஷத்துக்கு முன்னாடி, வேற ஏதோ ஒரு நாட்டுல, முகமே தெரியாத ஒருத்தர் அதே பதிலை எழுதி வெச்சிருக்கார். அதனால உங்களுக்கு முட்டை மார்க். இது நியாயமா பாஸ்?

நம்ம காலேஜ்ல அநியாயம். பேட்டன்ட் ஆபீஸ்ல அதுதான் சட்டம்!

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல்பு வாங்கித் தெரிந்துகொண்டேன். மூன்றாம் வருட மினி புராஜெக்ட்டுக்கு எங்கள் டீமில் நாலு பேர் உட்கார்ந்து, எட்டு டீ குடித்து, ஒரு ஐடியா பிடித்தோம். வயிற்றுக்குள் விடுகிற எண்டோஸ்கோப் டியூபின் முனையில் இருக்கும் லென்ஸில் கோழையும் ரத்தமும் ஒட்டிக்கொண்டால் டாக்டருக்கு எதுவும் தெரியாது இல்லையா? பக்கத்திலேயே குட்டியாக ஒரு ஓட்டை வைத்து, தண்ணீர் பீய்ச்சி லென்ஸைக் கழுவினால்? காருக்கு வைப்பர் மாதிரி! 'பேட்டன்ட் வாங்கறோம், கம்பெனி ஆரம்பிக்கறோம்' என்று நண்பன் விசிட்டிங் கார்டுக்கே டிசைன் போட்டுவிட்டான்.

எங்கள் கைடு சார் சிரிக்கவே இல்லை. "தேடிப் பார்த்தீங்களாப்பா?" என்றார். அவ்வளவுதான். தேடினோம். அஞ்சே நிமிஷம். காற்றும் தண்ணீரும் பீய்ச்சுகிற நாசில், எண்டோஸ்கோப்பில் நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. சும்மா இருக்கவில்லை... விதவிதமாக வளைந்து, சாய்ந்து, சுழன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பேட்டன்ட்டோடு இருக்கிறது. "டேய், நம்ம ஐடியாவை எவனோ சுட்டுட்டான்டா" என்று புலம்பிய நண்பனிடம், "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எப்படிடா சுடுவான்?" என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்தக் கடுப்பில், 'நம்மள மாதிரி பல்பு வாங்கின ஸ்டூடன்ட் வேற யாராவது இருக்காங்களா?' என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போனேன். வந்து நின்ற இடம், ஜெர்மனியில் மியூனிக். வருடம் 1930.

அதற்கு முன் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கிற ஆசை டாக்டர்களுக்கு ரொம்பப் பழசு. ஜெர்மனியில் அடால்ஃப் குஸ்மவுல் என்ற டாக்டர் 1868-ல் ஒரு நேரான உலோகக் குழாயைச் செய்துவிட்டு, அதை யார் தொண்டைக்குள் விடுவது என்று யோசித்தார். கூப்பிட்டது யாரை தெரியுமா? வாள் விழுங்கும் வித்தைக்காரரை! நமக்கெல்லாம் மாத்திரை விழுங்கவே அரை சொம்பு தண்ணீர் வேண்டும். நேர்க்குழாய் வேலைக்கு ஆகாது, வளைய வேண்டும். வளைந்தால் வெளிச்சமும் வளைய வேண்டும். சிக்கலே அங்கேதான்.

மியூனிக்கில் மெடிக்கல் படித்துக்கொண்டிருந்த ஹைன்ரிச் லாம் என்ற பையனுக்கு 22 வயது. மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, ஒரு முனையில் பல்பின் இழையை வைத்தார். மறுமுனையில் அந்தப் பிம்பம் தெரிந்தது. மங்கல்தான், கலங்கல்தான். ஆனால், கண்ணாடி இழைக் கட்டு வழியாக ஒரு படத்தை அனுப்பிக் காட்டிய முதல் ஆள் அவர்தான். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். பேட்டன்ட் கேட்டுப் போனார்.

கிடைக்கவில்லை. 'இந்த ஐடியாவுக்கு ஏற்கெனவே பிரிட்டிஷ் பேட்டன்ட் இருக்கிறது' என்று பதில் வந்தது. வாங்கியிருந்தவர் கிளாரன்ஸ் ஹான்செல். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ கம்பெனி இன்ஜினீயர். 1926 டிசம்பர் 30-ம் தேதி தன் நோட்டில் இந்த இழைக்கட்டு ஐடியாவைக் குறித்துவைத்திருக்கிறார். மறு வருஷமே விண்ணப்பம். தூரத்தில் இருக்கிற மீட்டர் முள்ளை இருந்த இடத்திலிருந்தே படிக்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவருடைய ஆரம்ப யோசனை. செய்து பார்த்தது லாம். எழுதி வைத்தது ஹான்செல். ஜெயித்தது எழுத்து!

எனக்கு இந்த இடத்தில் செம கோபம் வந்தது. கைடு சாரிடம் போய்க் கொட்டினேன். அவர் கூலாக ஒரு விஷயம் சொன்னார். பேட்டன்ட்டைப் பரிசோதிக்கிற அதிகாரி, அதாவது எக்ஸாமினர், 'நீ கஷ்டப்பட்டியா?' என்று கேட்பதே இல்லையாம். 'நீ நல்லவனா?' என்றும் கேட்பதில்லை. 'நீ விண்ணப்பித்த தேதிக்கு முன்னாடி இது உலகத்துல எங்கயாவது வெளியாகியிருக்கா?' இதுதான் முதல் கேள்வி. அதில் பாஸானால் அடுத்தது: 'இந்தத் துறையில் வேலை தெரிஞ்ச ஒருத்தர், ஏற்கெனவே இருக்கிறதைப் பார்த்தாலே இது தானா தோணிடுமா?' தோன்றிவிடும் என்றால் அவுட். தொழிலில் பயன்படுமா என்பது மூன்றாவது.

நம் ஊர் சட்டமும் இதேதான். 1970-ம் வருடத்து பேட்டன்ட் சட்டம், அப்புறம் வந்த திருத்தங்கள். கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை என நாலு ஆபீஸ். சென்னையில் கிண்டி. விண்ணப்பம் போட்டாலே பரிசோதனை தொடங்கிவிடாது மக்களே, 'பரிசோதியுங்கள்' என்று தனியாக வேறு ஒரு ஃபாரம் போட்டுக் கேட்க வேண்டும்! அப்புறம் ஆட்சேபணைகளை அடுக்கி முதல் அறிக்கை வரும். ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மருத்துவக் கருவி என்றால் இன்னொரு கண்டம் உண்டு. சட்டத்தின் 3-வது பிரிவு, மனிதனுக்குச் செய்கிற சிகிச்சை முறைக்குப் பேட்டன்ட் கிடையாது என்கிறது. எண்டோஸ்கோப் என்ற கருவிக்குக் கேட்கலாம். அதை எப்படி உள்ளே விட்டு எப்படி ஆபரேஷன் செய்வது என்பதற்குக் கேட்க முடியாது. ஒரு டாக்டர் கையை இன்னொருத்தர் கட்டிப்போடக் கூடாதே!

'டிசைன்' என்ற வார்த்தையிலும் உஷார். நாம் சர்க்யூட்டையும் டிசைன் என்போம், சல்வாரையும் டிசைன் என்போம். சட்டத்தில் டிசைன் பதிவு என்றால் வெளித்தோற்றம் மட்டும்தான். உள்ளே வேலை செய்கிற விதத்துக்கு பேட்டன்ட்தான் வழி.

சரி, மறுபடி கதைக்கு. 1951. டென்மார்க். ஹோல்கர் மொல்லர் ஹான்சன் என்பவர் அதே இழைக்கட்டு ஐடியாவோடு பேட்டன்ட் ஆபீஸ் படியேறினார் (அவர் ஹான்செல், இவர் ஹான்சன். நானும் முதல் தடவை குழம்பினேன்). மறுபடி நிராகரிப்பு. காரணம்? அதே ஹான்செல் பேப்பர்!

இதில் ஒரு கூத்து இருக்கிறது. ஹான்செல் வாங்கிய அமெரிக்க பேட்டன்ட் 1930-ல் வந்தது. அந்தக் காலக் கணக்கில் 17 வருடம் ஆயுள். 1947-லேயே காலி. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் செய்யலாம். ஆனால், 'இது எனக்கு மட்டும்' என்று புதிதாக யாரும் கேட்க முடியாது. பேட்டன்ட் செத்தாலும் பேப்பர் சாவதில்லை.

அதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று. மொல்லர் ஹான்சனின் விண்ணப்பத்தில் ஹான்செல் யோசிக்காத ஒரு சங்கதி இருந்தது. வெறும் கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டினால், ஒன்றோடொன்று உரசுகிற இடத்தில் வெளிச்சம் பக்கத்து இழைக்குத் தாவிவிடும். படம் கலங்கும். லாமுக்கு நடந்தது இதுதான். ஒவ்வொரு இழைக்கும் ஒளிவிலகல் எண் குறைவான ஒரு மேல்தோல் போர்த்திவிட்டால், வெளிச்சம் உள்ளேயே முட்டி முட்டித் திரும்பும். ப்ளஸ் டூவில் மனப்பாடம் செய்தோமே, முழு அக எதிரொளிப்பு... அதேதான். அந்தத் தோல் யோசனை விண்ணப்பத்துக்கு உள்ளேயே இருந்தும், கதவு மூடியதும் அதுவும் சேர்ந்து அமுங்கிப் போனது.

1954 ஜனவரியில் 'நேச்சர்' பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள். ஒன்று, நெதர்லாந்தின் வான் ஹீல், தோல் போர்த்திய இழைகளைப் பற்றி எழுதியது. இன்னொன்று, லண்டனில் ஹாப்கின்ஸும் அவரிடம் ஆராய்ச்சி செய்த நம்ம பஞ்சாப் சிங்கம் நரிந்தர் சிங் கபானியும் இழைக்கட்டு வழியாகப் படம் அனுப்பியது. கபானியின் இழைகளுக்குத் தோல் இல்லை. அதைப் பார்க்க அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து லண்டனுக்கே வந்துவிட்டார் வயிற்று டாக்டர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ். திரும்பிப் போனதும் இயற்பியல் துறை வில்பர் பீட்டர்ஸோடு கூட்டணி. கைவேலைக்கு ஆள் வேண்டுமே? 1955 கோடையில் ஒரு ஸ்டூடன்ட்டைப் பிடித்தார்கள். பி.ஹெச்.டி எல்லாம் இல்லை. நம்மைப் போல டிகிரி படித்துக்கொண்டிருந்த பையன். பெயர் லாரி கர்ட்டிஸ்.

அரக்கு மாதிரி, பிளாஸ்டிக் மாதிரி எதையாவது இழை மேல் பூசலாம் என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கர்ட்டிஸ் கேட்டது ரொம்ப சிம்பிள். கண்ணாடிக்கு மேல் கண்ணாடியையே தோலாகப் போட்டால் என்ன? ஒளிவிலகல் எண் அதிகமுள்ள கண்ணாடிக் கம்பியை, எண் குறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி, இழையாக இழுப்பது. 1956 டிசம்பர் 8. இழுத்தார். இழையைப் பிடித்துக்கொண்டு காரிடாரில் தூரமாக நடந்து போன பிறகும், அதன் முனையில் உலையின் வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது!

அடுத்த சில வாரங்களில் கருவி தயார். 1957 பிப்ரவரியில் ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார் (வாள் வித்தைக்காரரைத் தேடவில்லை!). சில நாள் கழித்து, பிப்ரவரி 18-ம் தேதி, அல்சர் இருந்த ஒரு பெண் பேஷன்ட்டுக்கு. வளைகிற எண்டோஸ்கோப் வேலை செய்தது.

இனிமேல்தான் எக்ஸாம். ஹான்செல் பேப்பர் அப்போதும் உலகத்தில் இருந்தது. வான் ஹீல் கட்டுரையும் சேர்ந்துகொண்டது. 'இழைக்கட்டு வழியாகப் படம் பார்ப்பது என் ஐடியா' என்று கர்ட்டிஸ் கிளம்பியிருந்தால், லாம் போன வழியிலேயே வீட்டுக்கு வந்திருப்பார். 'இழைக்குத் தோல்' என்று மொட்டையாகச் சொல்லியிருந்தாலும் அம்பேல். அவர் கையில் இருந்தது அதைவிடச் சின்ன சங்கதி: கண்ணாடி மேல் உருகி ஒட்டிய கண்ணாடி. முன்னால் வந்த எல்லாரையும் தாண்டி மிச்சமிருந்த அந்த நூலளவு இடம்.

மூன்று பேரும் சேர்ந்து 1956 டிசம்பரில் போட்ட விண்ணப்பத்துக்கு 1961 நவம்பரில் பேட்டன்ட் வந்தது. இழைக்காக கர்ட்டிஸ் தனியாகப் போட்டது 1957 மே. கைக்கு வந்தது எப்போது தெரியுமா? 1971 ஜூன். பதினாலு வருஷம்! நமக்கு ரீவேல்யுவேஷன் ரிசல்ட் ஒரு மாதம் லேட்டானால் ஸ்ட்ரைக் பண்ணுகிறோம்.

இன்றைக்கு எண்டோஸ்கோப்பில் படம் எடுக்கிற வேலையைப் பெரும்பாலும் முனையில் இருக்கும் குட்டி கேமரா சிப் பார்த்துக்கொள்கிறது. ஆனால், உங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொண்டுவருகிற ஃபைபர் இருக்கிறதே, அதிலும் உள்ளே ஒரு கண்ணாடி, மேலே தோலாக இன்னொரு கண்ணாடிதான். லாம்? நாஜிகள் ஆட்சியில் யூதர் என்பதால் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, அமெரிக்காவில் டெக்ஸாஸில் டாக்டராக வாழ்ந்தார். அவருக்கு பேட்டன்ட் கிடைக்காதது நியாயமா என்று என்னைக் கேட்டால், சட்டப்படி நியாயம். மனசுப்படி இன்னும் ஒப்பவில்லை.

எங்கள் டீம் விஷயத்துக்கு வருகிறேன். 'லென்ஸைத் தண்ணீரால் கழுவுவது' என்பதை அழித்துவிட்டோம். கைடு சார் கூகுள் பேட்டன்ட்ஸையும், இந்திய பேட்டன்ட் ஆபீஸின் 'இன்பாஸ்' தேடலையும் காட்டிக் கொடுத்தார். இரண்டுமே இலவசம். எண்டோஸ்கோப்புகளுக்கு உலகம் முழுக்க 'ஏ61பி 1' என்று ஒரு வகை எண் இருக்கிறது, அதைப் போட்டுத் தேடினால் நேராகக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. காலேஜ் பெயரில் விண்ணப்பித்தால் 2021 முதல் கட்டணத்தில் 80 சதவிகிதம் தள்ளுபடி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எக்ஸ்போவில் வைத்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பம் போட்டால், நம் போஸ்டரே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்றும் மிரட்டியிருக்கிறார் சார். அதனால் எங்கள் போஸ்டர் இப்போது பீரோவுக்குள்.

தண்ணீர் பீய்ச்சிய பிறகு லென்ஸின் ஓரத்தில் ஒரு துளி மட்டும் விடாமல் தொங்குகிறது. அந்த ஒரு துளிக்காக இதுவரை 26 பேட்டன்ட் படித்தாயிற்று. மிச்சம் 40 இருக்கிறது. நண்பன் விசிட்டிங் கார்டைப் பற்றிப் பேசுவதில்லை. எட்டாவது டீ சொல்லியிருக்கிறான்.