இசையும் சிகிச்சையே, தகுதியை வரையறுப்பது யார்?

புது தில்லி: மனநல சிகிச்சையில் இசைக்கும் இடமுண்டு என்பதை பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஏற்றுள்ளது. தலைக்காயத்தால் கவனமும் நினைவாற்றலும் குன்றியோருக்கு இசைவழிப் பயிற்சி எவ்வாறு உதவக்கூடும் என்பதை அங்குள்ள மருத்துவ உளவியலாளர் சாந்தலா ஹெக்டே 2014-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்.

தாளத்துக்கேற்பக் கைதட்டும்போது கவனமும் அசைவும் ஒருங்கே பயிற்சி பெறுகின்றன. எனினும், இது மருந்துக்கு மாற்று அன்று, துணையே.

சிக்கல் சட்டத்தில் உள்ளது. 2012-இல் சட்டமியற்றி நிம்ஹான்ஸுக்கு தேசிய முக்கியத்துவம் அளித்த நாடாளுமன்றம், 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோருக்கு அச்சட்டத்தின் வரையறையில் இடமுண்டு; இசை சிகிச்சையாளருக்கு இல்லை. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையும் கலை, நடன சிகிச்சையாளரைக் குறிப்பிடுகிறதே தவிர, இசையைப் பெயர் சுட்டவில்லை.

இதனால், முறையாகப் பயின்றவர் யார், இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று சொல்லிக் கட்டணம் வசூலிப்பவர் யார் எனப் பிரித்தறிய நோயாளியின் குடும்பத்துக்கு வழியில்லை. மனநல சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அச்சிகிச்சையை அளிப்போரின் தகுதியை வரையறுத்துப் பதிவேடு ஏற்படுத்தினால்தான் அந்த உரிமை முழுமை பெறும்.