கருந்துளையை மறைத்த முகில்

நெல் காயவைத்த முற்றத்தில் நிழல் விழுந்தால், சூரியன் அணைந்துவிட்டதென நாம் நினைப்பதில்லை. முகில் மறைத்ததென அறிவோம். விண்வெளியிலும் இப்படி நிகழ்வதுண்டு.

சில விண்மீன் திரள்களின் நடுவே, பெருங்கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயு கடுமையாக வெப்பமடைகிறது. அவ்விடத்திலிருந்து எக்ஸ்-கதிர்கள் வெளிவருகின்றன. அவற்றின் செறிவு கூடிக் குறையும். கதிர்முதலே மங்கியதா, வாயு முகில் மறைத்ததா என்பதை எப்படி அறிவது? வாயு, சக்தி குறைந்த எக்ஸ்-கதிர்களையே பெரிதும் உறிஞ்சும். சக்தி கூடியவை ஊடுருவி வரும். ஆகவே சக்தி குறைந்தவை மட்டும் பெரிதும் குறைந்தால், இடையில் முகில் உண்டென ஊகிக்கலாம். முகில் மிக அடர்த்தியாயின் சக்தி கூடியவையும் தடைப்படும்.

2006 ஏப்ரலில் அதுவே நடந்தது. தமிழரான நோபல் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய நாசாவின் 'சந்திரா' தொலைநோக்கி, சுமார் 6 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 1365 என்னும் திரளை இரு வாரங்களில் 6 தடவை நோக்கியது. இரண்டாம் தடவை நடுப்பகுதி மறைந்திருந்தது. அடுத்த தடவை மீண்டும் தெரிந்தது. மறைந்திருந்த நேரத்தையும் முகிலின் வேகத்தையும் கொண்டு, கதிர் வெளியிடும் பகுதியின் விட்டத்தைக் கணித்தனர். அது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தின் ஏறத்தாழ 7 மடங்கே! அத்தொலைவில் இவ்வளவு சிறியதைச் சந்திராவாலும் நேரே பிரித்துக் காணமுடியாது. மறைக்க வந்த முகிலே அதன் அளவைச் சொல்லிச் சென்றது.