உடைபடு பொருள்களின் ஆக்கம்

கணினி விளையாட்டினுள் ஒரு மரப்பெட்டி அடிபட்டுச் சிதறுமிடத்து, அடித்த கணத்திலேயே அது பிளவுற்றதெனக் காண்போர் கருதுவர். உண்மை வேறு. 2004ஆம் ஆண்டில் வால்வ் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப் 2' என்னும் விளையாட்டில், உடைதல் என்பது ஓர் ஆள்மாறாட்டமே. குறித்த அளவு ஊறு எய்தியதும் முழுப்பெட்டி நீங்க, முன்னரே செய்துவைத்த துண்டுகள் அதன் இடத்தில் தோன்றுகின்றன.

ஆதலின், அவ்விளையாட்டினை ஆடுவோர் தாமே திருத்தியும் கூட்டியும் அமைக்கும் 'மொட்' என்னும் மாற்றுவடிவுக்குப் பொருள் சமைப்போர், முழுமையை மட்டுமன்றிச் சிதைவையும் உடன் வனைதல் வேண்டும். பிளெண்டர் போன்ற உருவமைப்பு மென்பொருளில் முழுவுருவை ஆக்கியபின், அதன் படியொன்றைத் துண்டங்களாக வெட்டுவர். அவ்வுருவம் வெறும் புறத்தோலேயாதலின், வெட்டுவாய் திறந்த பொள்ளலாய் நிற்கும். அதனை மூடி, முறிந்த மரத்தின் உள்நிறத்தை ஆங்குத் தீட்டல் வேண்டும். கைதேர்ந்தோரும் சோர்வது இவ்விடத்திலேயே. வெட்டுங் கோடும் பொருளின் இயல்பைத் தழுவுதல் தகும். மரம் நாரோட்டத்தின் வழியே நெடுஞ்சிம்புகளாகப் பிளக்கும். மட்கலமோ வளைந்த ஓடுகளாகும். இவ்வேறுபாட்டை அறியாதார் செய்த பெட்டி, எத்துணை அழகிதாயினும், உடைந்தவுடன் பொய்யெனத் தோன்றும்.

துண்டுகள் யாவும் முழுப்பொருளின் மூலப்புள்ளியையே தமக்கும் மூலமாகக் கொள்வது பொதுவழக்கு; இன்றேல் பிறிதோரிடத்தில் தோன்றும். மோதலைக் கணித்தற்கெனக் கண்ணுக்குப் புலனாகாத எளிய குவிவுருவொன்றும் துண்டுதோறும் வேண்டும். அக்குவிவுருக்கள் ஒன்றனுள் ஒன்று ஊடுருவி நிற்பின், தோன்றிய கணமே ஒன்றையொன்று தள்ளி, வெடிமருந்து வைத்தாற்போலச் சிதறும். சற்றே சுருக்கி அமைத்தல் நன்று. தாங்கும் வலிமை, துண்டுகளின் பெயர், அவை மறையுங் காலம் ஆகியன உருவத்தோடு தொகுக்கப்படும் சிறு எழுத்துக்கோப்பில் குறிக்கப்படும்.