பட்டுச்சேலை ஜரிகை கறுத்துப்போறது ஏன்? முதல் நொடியில் விழும் தங்க 'விதை'தான் காரணம்!

"கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிப் பட்டு இன்னும் பளபளன்னு இருக்கு. போன வருஷம் எடுத்தது அதுக்குள்ள ஜரிகை கறுத்துப்போச்சு!" உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு அடிபட்டிருக்கும். உடனே, 'தங்கம் கம்மியா போட்டு ஏமாத்திட்டாங்க' என்று நெசவாளர்மேல் பழி விழும். ஆனால், ஜரிகையை அவர் செய்வதில்லை, வாங்கி நெய்கிறார். காஞ்சிபுரத்திலேயே அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலை இருக்கிறது. தனியார் பயன்படுத்துவதில் பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிறது. சரி, தங்கம் குறைந்தால் மட்டும்தான் கறுக்குமா? இல்லை. இருக்கிற தங்கம் எப்படிப் படிந்தது என்பதும் முக்கியம்.

முதலில், ஜரிகை எப்படி உருவாகிறது? வெள்ளியும் தாமிரமும் சேர்ந்த கம்பியை முடியைவிட மெல்லியதாக இழுத்து, தட்டையாக நசுக்கி, சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல்மேல் சுற்றுவார்கள். கடைசியில் தங்க முலாம். அசல் ஜரிகை 100 கிராம் எடுத்தால், அதில் தங்கம் சுமார் அரை கிராம்தான்! கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த மெல்லிய உலோக நாடாவின் தடிமனில் தங்கப் படலம் சுமார் முந்நூறில் ஒரு பங்குதான் வரும்.

முலாம் பூசுவது மின்சாரத்தால். தங்க உப்புக் கரைசல் உள்ள தொட்டிக்குள் ஜரிகை நூல் ஓடும். நூல் மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், கரைசலில் இருக்கும் தங்கம் அதன்மேல் வந்து படியும். எவ்வளவு படியும் என்பதை 1834-லேயே மைக்கேல் ஃபாரடே சொல்லிவிட்டார். ஜரிகைக்குப் பயன்படும் சயனைடு கரைசலில், ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் வீணாகாமல் பாய்ந்தால் சுமார் 7.35 கிராம் தங்கம் படியும். 'எவ்வளவு' என்பதற்கு இது பதில். 'எங்கே' என்பதற்கு?

முதல் விதை

தங்கம் பெயின்ட் மாதிரி ஒரே சீராகப் பரவாது. சில அணுக்கள் ஓரிடத்தில் கூடும். கூட்டம் ரொம்பச் சிறிசாக இருந்தால் மறுபடி கரைந்துபோகும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் பிழைக்கும். அதுதான் விதை. கீறல், மேடு, ஓரம் என்று இடம் பார்த்து இந்த விதைகள் விழும்; பிறகு தீவுகளாக வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டும்.

மொட்டை மாடியில் தூறல் விழுவதை நினைத்துப்பாருங்கள். விழுந்த துளிகளின் மொத்தப் பரப்பு மாடியின் பரப்புக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். மாடி முழுக்க நனைந்திருக்குமா? இருக்காது. ஒரே இடத்தில் பல துளிகள் விழுவதால், நனைந்தது 63 சதவிகிதம்தான். இரண்டு மடங்கு விழுந்தால் 86, மூன்று மடங்கு விழுந்தால் 95. ரஷ்யக் கணித மேதை கோல்மகோரவ், படிகங்கள் வளர்வதைக் கணிக்க 1937-ல் தந்த கணக்கின் சாரம் இது. மின்முலாம் படிவதைக் கணிக்கும் மாதிரிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்: விதைகள் நெருக்கமாக விழ வேண்டும். விதைகளுக்கு இடையிலான தூரம் பாதியானால், தீவுகள் பாதி அளவு வளர்ந்தாலே தொட்டுக்கொள்ளும். பாதித் தடிமனிலேயே இடைவெளிகள் மூடும். அதே அரை கிராம் தங்கம், விதை அடர்த்தியாக விழுந்தால் முழுப் போர்வை; அரிதாக விழுந்தால் கிழிசல் போர்வை.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் விதைகள் அதிகமாகும். அதற்காக ஒரேயடியாக ஏற்றினால் முலாம் கரகரப்பாகி, பொடிபோல உதிரும். அளவு தெரிந்து வைப்பதில்தான் கைப்பக்குவம். விதைகளைக் கண்ணால் எண்ண முடியாதே? ஆய்வகத்தில் அதற்கும் வழி உண்டு. மின்னழுத்தத்தை நிலையாக வைத்தால், தீவுகள் வளர வளர மின்சாரம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். அந்த உச்சத்தின் உயரத்தையும் நேரத்தையும் வைத்து விதைகளைக் கணக்கிடும் வழியை 1983-ல் ஷாரிஃப்கரும் ஹில்ஸும் கொடுத்தார்கள். இதுபோன்ற மின்வேதியியல் ஆய்வுக்கென்றே நம் காரைக்குடியில் 1953 முதல் 'சிக்ரி' இயங்குகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

தங்கம் கறுக்காது. படலத்தின் ஓட்டைகள் வழியே காற்றிலுள்ள கந்தகம் நுழைந்து, அடியில் உள்ள வெள்ளியையும் தாமிரத்தையும் கறுக்க வைக்கிறது. அதனால்...

* வாங்கும்போது ஜரிகை இழையின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

* எக்ஸ்-ரே கருவியில் சோதித்தால் தங்கம் எத்தனை சதவிகிதம் என்று தெரியும். ஆனால், அது சராசரிதான். ஓட்டை இருக்கிறதா என்று அது சொல்லாது.

* சேலையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு.

* சென்ட்டை ஜரிகைமேல் நேரடியாக அடிக்காதீர்கள். வியர்வை பட்டால் நிழலில் உலர்த்திய பிறகே மடியுங்கள்.

* சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே இடத்தில் மடிந்தே கிடந்தால், அங்கே முலாம் விரிசல் விடும்.

அடுத்த முறை ஜரிகை கறுத்தால், நெய்தவரைத் திட்டுவதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள். அவர் கைக்கு வருவதற்கு முன்பே, முலாம் தொட்டியிலேயே அது முடிவாகியிருக்கலாம்!