மாணவர்கள் தந்த தேசக் கொடி

எஸ்தோனியாவின் தேசியக் கொடி பிறந்தது அரண்மனையிலோ நாடாளுமன்றத்திலோ அல்ல. ஒரு மாணவர் சங்கத்தில்.

19ஆம் நூற்றாண்டில் டார்ட்டு நகரப் பல்கலைக்கழகத்தில் பாடமொழி ஜெர்மன். ஆட்சி ரஷ்யப் பேரரசுடையது. எஸ்தோனிய மொழி குடியானவர்களின் பேச்சாகவே கருதப்பட்டது. அந்தச் சூழலில் 1870இல் சில மாணவர்கள் ஒன்றுகூடி, கிராய்ட்ஸ்வால்ட் இயற்றிய ‘கலேவிபோயெக்’ காவியத்தைத் தங்கள் மொழியிலேயே படிக்கத் தொடங்கினார்கள். எஸ்தோனிய மாணவர் சங்கம் அந்த வாசிப்பு மாலைகளில்தான் வேர்விட்டது. படித்து முன்னேற ஜெர்மானியராக மாறியாக வேண்டும் என்ற எண்ணத்தை அவர்கள் ஏற்கவில்லை. அந்தத் துணிவு வணங்கத்தக்கது.

ஜெர்மானிய மாணவர் அமைப்புகளுக்குத் தனி நிறங்கள் இருந்தன. எஸ்தோனிய மாணவர்கள் 1881இல் நீலம், கறுப்பு, வெள்ளையைத் தேர்ந்தார்கள். அந்நிறங்களில் தைத்த பட்டுக்கொடி 1884 ஜூன் 4 அன்று ஓட்டெப்பா ஊரின் பாதிரியார் இல்லத்தில் அர்ச்சிக்கப்பட்டது. 1918இல் நாடு விடுதலையை அறிவித்தபின் அதுவே தேசக் கொடியானது. ஜூன் 4 இன்றும் அங்கே கொடி நாள்.

1940இல் சோவியத் ஆக்கிரமிப்பு சங்கத்தை மூடியது. மூலக்கொடியை ஒரு பண்ணை வீட்டில் மறைத்துக் காத்தார்கள்; இப்போது அது டார்ட்டுவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1988இல் சங்கம் மீண்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30 மாலை, நிறத் தொப்பியணிந்த மாணவர் அமைப்பினர் டார்ட்டு வீதிகளில் ஊர்வலம் போகிறார்கள்.