கிண்ணத்துள் மறைந்த மீன்

திருக்குறளிற் புலால் மறுத்தல் என்னும் அதிகாரத்தை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் யான். பிறந்தநாள் தொட்டு மரக்கறியன்றிப் பிறிதுண்டறியேன் என்ற பெருமிதமும் எனக்கு இருந்தது. அப்பெருமிதம் யப்பான் நாட்டிலே, கியோத்தோ நகரத்துச் சிறு சமையலறை ஒன்றிற் போயிற்று. போன வகையைச் சொல்லுகிறேன்.

2018ஆம் ஆண்டில், அந்நகரிற் பயின்ற மைந்தனோடு மூன்று திங்கள் தங்கியிருந்தேன். நாங்கள் மேல்மாடியில், கீழே வீட்டுக்குரிய மூதாட்டியார். கணவரை இழந்தவர். என்னைச் 'சென்செய்' என்றே அழைப்பார். ஆசிரியர் என்பது அதன் பொருள்.

அந்நாட்டு ஊணிற் புதுமைகள் பல. அவர்கள் சோறு உதிராது, ஒட்டும். இரு குச்சிகளால் எடுத்துண்பதற்கு அதுவே வாய்ப்பு. அக்குச்சிகளைச் சோற்றில் நட்டு நிறுத்தலாகாது. இறந்தார்க்குப் படைக்கும் சோற்றிலேயே அவ்வாறு நிறுத்துவர். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுதலும் ஆகாது. எரித்தபின் எலும்பு பொறுக்கும் முறை அது. காடாற்று அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தேநீரிற் சீனி இல்லை. பணியாரத்துள்ளோ சீனியிட்டு அரைத்த சிவந்த பயறு. முதன்முறை கடித்தபோது மோதகத்தை நினைந்தேன்.

காலைதோறும் அம்மையார் ஒரு கிண்ணம் மிசோச் சாறு ஏந்தி வந்து தருவார். மிசோ என்பது சோயா அவரையை உப்பிட்டுப் புளிக்கவைத்த களி. முதல் நாளே, மைந்தனிடம் கற்ற சொல்லைக்கொண்டு, "சக்கானா?" என்றேன், மீன் உண்டோ என்பது கருத்து. அவர் முகத்தின் முன் கையை அசைத்து இல்லை என்றார். நன்னூலார் கூறிய எண்வகை விடைகளுள் அது மறை. ஐயம் தீர்ந்து உண்டேன். ஏழு கிழமை உண்டேன்.

ஒருநாள் விடியுமுன் கீழிறங்கினேன். தச்சன் சீவுளி இழைப்பது போன்ற ஒலி கேட்டது. அம்மையார், மரப்பெட்டியொன்றின்மேற் பொருத்திய சீவுளியில், விறகுக்கட்டை போன்ற ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். மணம் மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். ஈழத்தவர் எவர்க்கும் அம்மணம் தெரியும். மாசி! அயல்வீட்டார் சம்பலில் இடிக்கும் அதே மாசி. சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திக் கட்டையாக்குவதில் மாலைதீவாரும் யப்பானியரும் ஒருவழிப்பட்டவர். அச்சீவலை வெந்நீரிலிட்டு வடித்த சாறு, அங்கே கீரையிலும் உண்டு, கிழங்கிலும் உண்டு.

அம்மையார் பொய்யுரைத்தாரோ? அன்று. 675ஆம் ஆண்டில் பேரரசர் தெம்மு, மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி என்பவற்றை உண்ணலாகாதென விலக்கியபோதும் மீனை விலக்கவில்லை. இறைச்சி என்ற சொல்லுள் மீனை அடக்காதது அவர்கள் வழக்கு. மீன் என்பதும் தட்டில் மீனாய்க் கிடப்பதே. வடித்த சாறு மீனன்று. பிழை என் வினாவில் இருந்தது.

அன்று யான் உண்ணவில்லை. யான் தடுத்தும், காரணத்தை மைந்தன் எடுத்துரைத்தான். அம்மையார் தரையிற் கையூன்றி, நெற்றி பாயிற் படும்வரை பணிந்தார். என்னிலும் இருபது ஆண்டு மூத்தவர். விரதம் கெட்டதினும் அதுவே என்னை வருத்திற்று.

மறுநாளும் கிண்ணம் வந்தது. 'கொம்பு' என்னும் கடற்பாசியையும் உலர்ந்த காளானையும் இரவெல்லாம் ஊறவைத்து எடுத்த சாறு அது. பௌத்தத் துறவிகளின் மரக்கறி உணவுக்கு அதுவே அடிப்படை. கணவரின் நினைவுநாளில் மட்டும் அவ்வாறு சமைப்பவர், யான் புறப்படும்வரை நாடோறும் சமைத்தார். சுவையிற் குறைவில்லை. நம் அறுசுவையுள் அடங்காத அச்சுவையை, 1908இல் இக்கேடா என்னும் பேராசிரியர் கொம்பிலிருந்தே பிரித்தறிந்து, 'உமாமி' எனப் பெயரிட்டார்.

அவ்வதிகாரத்தை இன்றும் கற்பிக்கிறேன். "பிறந்தநாள் தொட்டு" என்ற தொடரை மட்டும் விட்டுவிட்டேன். நன்னூலில் வினாவிடைப் பாடம் வரும் நாளிலே இக்கதையை மாணாக்கர்க்குச் சொல்வதுண்டு. யாரேனும் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த மாசிச் சாறு சுவையாக இருந்ததா?" என்று கேட்பான். மறை கூற என் நா எழுவதில்லை. அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவேன்.